என் மகனின் மோட்டார் சத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதல் இரண்டும் என் நாத்தனார் விட்டுப் போன பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். எட்டுப் பேரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

போன வாரம் பால்மரம் வெட்டப் போன கதையைச் சொன்னேன். இந்த வாரம் ஒரு மோட்டாரின் கதை. பழைய கதையாகவே சொல்கிறாயே, இப்போது நடப்பதையும் சொல் என்று கோயிலில் ஒரு அம்மாள் கேட்டார். இது இப்போது நடந்ததுதான்.

எட்டில் நான்காவது குமரேசன். செம்பனை ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் இயந்திரங்களின் பக்கத்திலேயே நின்றவன். மனைவியை இழந்து ஆறேழு வருடம் ஆகிறது. மலாக்கா மாநிலத்துப் பெம்பானில் அவன் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அவன் மகள் துர்கா கோலாலம்பூரில் படிக்கிறாள். வாரக் கடைசியில் வந்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். நான் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான்.

ஜாசின் சாலையில் ஒரு சனிக்கிழமை

நோன்பு மாதம் தொடங்க இன்னும் சில நாள் இருந்தது என்று நினைவு. காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. ஜாசின் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போவதற்காகக் குமரேசனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருக்களித்து உட்காருவதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். கைலியைத் தூக்கிச் செருகி, இரண்டு பக்கமும் கால் போட்டு, மடியில் கூடை. தலைக்கவசத்துக்குள் ஒரு துண்டு.

கப்சாய் என்று இங்கே சொல்லும் சின்ன மோட்டார்தான் அது. ஆனால் அது போட்ட சத்தம் பெரிய லாரி போடாது. போகும்போது பேச முடியாது. விலா எலும்பு அதிரும். சாலையோரக் கோழிகள் நாங்கள் வருவதற்கு முன்பே ஓடி ஒளிந்துவிடும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வேலை முடிந்து அவன் வரும்போது முச்சந்தியிலேயே சத்தம் கேட்கும். நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்.

ஒரு வளைவு தாண்டியதும் சாலைத் தடுப்பு. ஆரஞ்சு நிறக் கூம்புகள், சாலை இலாகாவின் சீருடைக்காரர்கள். சத்தம் போடும் மோட்டார்களை மட்டும் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு பையன்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். எல்லாம் என் பேரன் வயது. அவர்களுக்குப் பின்னால் ஐம்பத்தாறு வயதான என் மகனும் அவன் அம்மாவும்.

ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "பாட்டிமா, நீங்களும் ரேஸா?"

"ஆமாண்டா. உன்னப் பிடிக்கத்தான் வந்தோம். நீ இங்க நிக்கிற."

வரிசை முழுக்கச் சிரித்தது. குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. சின்ன வயது. கையில் பாட்டுக்காரர் பிடிக்கும் மைக் மாதிரி ஒரு கருவி, அதன் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை. மோட்டாரை நிறுத்தி வைத்து எஞ்சினை முறுக்கச் சொன்னாள். கருவியைப் புகைக்குழாயின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடத் தள்ளி, சாய்வாகப் பிடித்தாள். நேராகப் பிடித்தால் காற்று அடித்துக் கணக்குத் தப்பிவிடுமாம். எண் ஏறியது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மாத்திகான் எஞ்சின், பாக்சிக்" என்றாள். எஞ்சினை அணையுங்கள் மாமா என்கிறாள்.

குமரேசன் முறுக்கிக்கொண்டே இருந்தான்.

மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். அவன் கை இறங்கவில்லை. மேலதிகாரி ஒருவர் முகம் சிவக்க வேகமாக வந்தார். என்ன திமிரா, வேண்டுமென்றே செய்கிறாயா என்று கத்தினார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. எட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூடப் போலீஸ் முன்னால், அதிகாரி முன்னால் மரியாதை தவறியதில்லை.

அந்தப் பெண் மேலதிகாரியைக் கையால் தடுத்தாள். சுற்றி வந்து என் மகனுக்கு முன்னால் நின்று, சாவியைத் திருப்புவது போலக் காட்டினாள். அவன் உடனே அணைத்துவிட்டுச் சிரித்தான்.

பிறகு அவள் ஒன்று செய்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினாள். வரிசையில் நின்ற பையன்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் திரும்பினேன். என் மகன் திரும்பவில்லை.

அவள் என் பக்கம் வந்து குனிந்தாள். "மாக்சிக், அனாக் மாக்சிக் தா டெங்கார்" என்றாள். அம்மா, உங்கள் மகனுக்குக் காது கேட்கவில்லை என்கிறாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவன் யார் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்ப மாட்டான். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் வாதாடவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அபராதச் சம்மனை எழுதப் போனாள்.

அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொல்லியிருக்கலாம். என் காதோரம் சொன்னாள். அந்த நல்ல பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்களா மேடு

சத்தத்தில் எனக்கு ஏன் அத்தனை பெருமை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பழைய இடத்துக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.

நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் வாங்கினார். பெட்ரோலோடு எண்ணெயும் குடிக்கும் வண்டி. நீலமாகப் புகை விடும். சில மாதம் ஓடினால் புகைக்குழாய்க்குள் கரி அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறும். அப்போது உள்ளே இருக்கும் குழாயை உருவி எடுத்து நெருப்பில் போட்டுச் சுடுவார்கள். எந்த நெருப்பில் என்று கேளுங்கள். என் அடுப்பில். சோற்றுப் பானைக்குக் கீழே விறகோடு விறகாக அது கிடக்கும். அன்றைக்குச் சோறு முழுக்க மோட்டார் நாற்றம் அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு கட்டளை இருந்தது. மேட்டின்மேல் துரையின் பங்களா. மதியம் அவர் தூங்குவார். ஆகவே தொழிலாளி எவனும் பங்களா மேட்டில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. அடிவாரத்திலேயே அணைத்துவிட்டு, மேடு முழுக்கத் தள்ளி, அந்தப் பக்கம் இறங்கியபிறகுதான் முடுக்க வேண்டும். மதியம் மட்டும் என்று தொடங்கியது. பிறகு காலை, மாலை எல்லா நேரமும் என்று ஆகிவிட்டது. துரையின் கார் மட்டும் எந்த நேரத்திலும் ஆரன் அடித்துக்கொண்டு ஏறும்.

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் பின்னால் நின்று தள்ளியிருக்கிறேன். மழையில் செம்மண் வழுக்கும். ஒருமுறை நடு மேட்டில் மோட்டாரோடு சறுக்கி விழுந்தோம். அப்போதுகூட இவர் வாயைப் பொத்திக்கொண்டுதான் எழுந்தார். சத்தம் வரக்கூடாதே.

தோட்டம் கைமாறி நாங்கள் வெளியேறிய நாளில், சாமான்களும் பிள்ளைகளும் லாரியில் முன்னால் போனார்கள். இவர் மோட்டாரில் பின்னால் வந்தார். உள்குழாயை முதல்நாளே உருவி எறிந்துவிட்டார். பங்களா மேட்டில் இறங்கவே இல்லை. முழு முறுக்கில் ஏறினார். அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தன. லாரியில் எட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். அதில் ஒன்று குமரேசன்.

அன்றைக்கு என் மனதில் பதிந்துபோனது இதுதான்: சத்தம் போடுகிறவன் எவனுக்கும் அடிமையில்லை. அது அன்றைக்குச் சரி. அதையே நாற்பது வருடத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு திரிந்தது என் தப்பு.

மைமூன் வந்தாள்

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு மைமூன் வீடு. அவள் மாமனாரின் அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து மலாக்காவில் கடை வைத்த குடும்பம். பெம்பானில் இப்போதும் அவர்களுக்கு மளிகைக் கடை இருக்கிறது. அவளும் நானும் இருபது வருடப் பழக்கம். நோன்பு மாதம் கஞ்சி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். அவள் வீட்டுக்காரர் இதய ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்தார். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல் தெருப் பக்கம்.

சாலைத் தடுப்புக்கு ஒரு மாதம் முன்பு அவள் எங்கள் கேட்டில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில தம்பி மோட்டார் எடுக்குறப்ப இவருக்குத் தூக்கிவாரிப் போடுது. நெஞ்சப் பிடிச்சிட்டு எந்திரிக்கிறாரு. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்களேன்."

"மோட்டாருன்னா சத்தம் போடத்தான் செய்யும், மைமூன். அதுக்கு வாயக் கட்டியா ஓட்டுவாங்க."

"தம்பிக்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்க்கா. திரும்பிக்கூடப் பாக்கல. போயிக்கிட்டே இருக்காரு."

"வேலைக்குப் போறவன். நின்னு பேச நேரமிருக்காது."

அவள் கேட்டது நோயாளிப் புருஷனுக்காக. என் காதில் விழுந்ததோ பங்களா மேட்டுக் கட்டளை. இறங்கு, அணை, தள்ளு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

சம்மன் வாங்கி வந்த அன்று மாலையே தெருவில் பேச்சு வந்துவிட்டது. மைமூன்தான் சாலை இலாகாவுக்கு எழுதிப் போட்டாளாம். நோன்பு மாதம் பிறந்ததும் வழக்கம்போலத் தூக்கில் கஞ்சி அனுப்பினாள். கஞ்சியை வாங்கிக்கொண்டு, தூக்கைக் கழுவி, வெறுமனே திருப்பி அனுப்பினேன். எங்களில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். வெறும் பாத்திரம் போனால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கு அது புரியும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

சேகர் சொன்னது

சம்மன் காகிதத்தைத் துர்கா போனில் படமாகப் பார்த்து வாசித்துச் சொன்னாள். எஞ்சின் அளவுக்குத் தகுந்தபடி சத்தத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்களாம். அதைத் தாண்டினால் குற்றம். புகைக்குழாயை நாமாக மாற்றுவதும் குற்றம். பழையபடி பொருத்திக்கொண்டு போய் இலாகாவில் காட்ட வேண்டும். மறுபடி கருவி வைத்துப் பார்ப்பார்களாம்.

ஜாசினில் சேகர் என்ற பையனின் பட்டறைக்குப் போனோம். குமரேசனின் மோட்டாரை எப்போதும் பார்க்கிறவன் அவன்தான். குமரேசன் அடுத்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போனான். நான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா சேகர், இந்தச் சத்தம் எங்கேயிருந்துதான் வருது?"

அவன் ஒரு பழைய குழாயை வெட்டி வைத்திருந்தான். காட்டினான். "எஞ்சினுக்குள்ள பெட்ரோல் வெடிக்குது பாட்டி. ஒவ்வொரு வெடிக்கும் சூடான காத்து இந்தக் குழாய் வழியா ஓடி வரும். உள்ள பாருங்க, தடுப்பு தடுப்பா அறை இருக்கு. நடுவுல ஓட்டை போட்ட உள்குழாய். காத்து ஒவ்வொரு அறையா நுழைஞ்சு நுழைஞ்சு கோபம் தணிஞ்சு வெளிய வரும். உள்குழாய எடுத்துட்டா பட்டாசு மாதிரி நேரா வந்து வெடிக்கும். துரு பிடிச்சு ஓட்டை விழுந்தாலும் சத்தம் வரும், இணைப்புல கசிஞ்சாலும் வரும். ஆனா உங்க வண்டியில ஓட்டை இல்ல. நான் எடுத்ததுதான்."

"சத்தம் வந்தா வண்டி வேகமாப் போகும்னு எடுத்தானா?"

"பையன்க அப்படித்தான் நினைப்பானுங்க. இந்தச் சின்ன வண்டிக்கு மேட்டுல இழுவை கொறையத்தான் செய்யும்." அவன் கையைத் துணியில் துடைத்தான். "அண்ணன் அதுக்காக வரல பாட்டி. போன வருஷம் வந்து, வண்டி செத்துப் போச்சு, எஞ்சின் சத்தமே இல்ல, என்னான்னு பாருன்னாரு. ஓட்டிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. ஒண்ணும் இல்லண்ணேன்னு சொன்னேன். நம்பல. ரெண்டு, மூணு வாட்டி வந்தாரு. கடைசியில உள்குழாய எடுத்துடுன்னு நின்னாரு. எடுத்து முடுக்குனதும் இப்பத்தான் வண்டிக்கு உசிர் வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"நீ ஏன்டா எடுத்தே?"

"தப்புதான் லா, பாட்டி. இனிமே யாருக்கும் எடுக்க மாட்டேன்."

அவன் சொன்னதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. மனசுக்குப் பிடிக்காததை மண்டை ஏற்றுக்கொள்ளாது.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார்

மறுநாள் காலை. குமரேசன் மோட்டாரை வாசலில் நிறுத்தி முடுக்கினான். உள்குழாய் போட்ட மோட்டார் பூனை மாதிரி மெல்ல உறுமியது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரைகூட அசையவில்லை.

அவன் குனிந்து பார்த்தான். மறுபடி பொத்தானை அமுக்கினான். ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை மறுபடி முடுக்கினால் பல்லோடு பல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். அது வந்தது. அவன் மறுபடி அமுக்கினான். மறுபடியும் கரகரத்தது. மூன்றாவது முறை அமுக்கிவிட்டு, எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. அதிர்வு தெரிந்ததும் ஏறிப் போனான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வருடக்கணக்காக நான் கூப்பிட்டால் அவன் பதில் சொல்வதில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா" என்று திட்டுவேன். பெண்டாட்டி போன துக்கத்தில் பேச்சு குறைந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் நம்பினேன். தொலைக்காட்சியை அலற வைப்பான். தனிமை என்று நினைத்தேன். கோயிலில் நாலு பேர் பேசினால் எழுந்து போய்விடுவான். திமிர் என்று சொன்னவர்களோடு சண்டைக்குப் போனேன். திமிர்தான் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன், அதில் ஒரு பெருமையும் பட்டேன்.

துர்காவைப் போனில் கூப்பிட்டேன். "உங்க அப்பாவுக்குக் காது கேக்கல" என்றேன்.  அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி

முதலில் மோட்டாரை இலாகாவில் காட்டினோம். கருவி வைத்தார்கள், எண் எல்லைக்குள் இருந்தது, சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஊர்க் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மலாக்காப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

குமரேசன் வரமாட்டேன் என்றான். துர்கா காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினாள். "பாட்டி அழறாங்க" என்று எழுதினாளாம். நான் அழவில்லை. அழாமலே அந்தப் பொய் வேலை செய்தது.

கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். தொடங்குமுன் அங்கிருந்த பெண் அவன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டாள். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

நெடுநேரம் அவன் விரல் அசையவே இல்லை.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஆலையிலயும் வருஷா வருஷம் பாப்பாங்கம்மா. அங்க கண்ணாடியில சோதிக்கிற பிள்ளையோட கை தெரியும். அவ அமுக்குறப்ப நானும் அமுக்கிடுவேன்."

நான் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். வாயைப் பார்த்தால் அவனுக்குப் புரியும் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். "ஏன்டா அப்படிச் செஞ்சே?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம். துர்கா படிப்பு இன்னும் முடியல. நான் வேற எந்த வேலையும் கத்துக்கலம்மா."

காதை அடைக்கப் பஞ்சுக்கட்டை மாதிரி ஒன்று ஆலையில் கொடுத்திருக்கிறார்கள். இவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறான். இயந்திரத்தின் சத்தம் மாறினால்தான் கோளாறு தெரியும், அதை அடைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று ஒரு நினைப்பு. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயருக்குக் கொடுத்த விலை இது.

டாக்டர் இரண்டு சொன்னார். போன காது திரும்பாது, ஆனால் கருவி மாட்டினால் பேச்சு கேட்கும். இன்னொன்று, இத்தனை நாள் பின்னால் வந்த லாரியின் ஆரன்கூடக் கேட்காமல்தான் இவர் சாலையில் போயிருக்கிறார் என்றார். நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பாசாருக்குப் போன சனிக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். 

நோன்பு திறக்கும் முன்

அன்று மாலை கேசரி கிண்டி, ஒரு கிண்ணத்தில் போட்டு, தெருவைக் கடந்தேன். பன்னிரண்டு அடித் தெரு. அதைக் கடக்க எனக்கு அத்தனை நேரம் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

மைமூன் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீ எழுதிப் போட்டியே, அதுக்கு நன்றி சொல்ல வந்தேன்" என்றேன்.

"அக்கா, நான் நோன்பு வச்சிருக்கேன். சண்டைக்கு வந்திருந்தீங்கன்னா மஹ்ரிபு தொழுகைக்கு அப்புறம் வாங்க. இப்பத் தெம்பில்ல."

"சண்டை இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்." எல்லாவற்றையும் சொன்னேன். சாவிக்கொத்து, சுவரைப் பார்த்த நாற்காலி, எல்லாம்.

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "நான்தான் எழுதிப் போட்டேன், மறைக்கல. வேற வழி தெரியல. ஆனா காது விஷயம் தெரியாதுக்கா. மூணு தடவையும் அவரு மோட்டாரத் தொடைக்கிறப்ப முதுகுப் பக்கமா நின்னே சொன்னேன். ஒரு தடவ முன்னாடி வந்து நின்னிருக்கலாம். எனக்கும் ரோஷம் வந்திருச்சு."

"உனக்கு ரோஷம். எனக்குத் துரை. நல்ல தெரு இது."

துரை என்று நான் எதைச் சொன்னேன் என்று அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து பங்களா மேட்டுக் கதையைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"யாரு, மோட்டார் வீட்டு அக்காவா? உள்ள வரச் சொல்லு. கொஞ்ச நாளா எழுப்ப ஆளில்லாம கடை லேட்டாத்தான் தொறக்குது."

அந்த மேட்டுக் கட்டளைக்கும் இந்தச் சட்டத்துக்கும் வித்தியாசத்தை அன்றைக்குத்தான் யோசித்தேன். அங்கே ஒரு ஆள் தூங்க ஊரே இறங்கித் தள்ளியது, அவர் மட்டும் ஆரன் அடித்தார். இங்கே யாருடைய மோட்டாருக்கும் அதே முழம், அதே கருவி. படுத்திருக்கிற ஒரு மளிகைக்கடைக்காரருக்காகவும் அது பேசுகிறது. இதற்கு நான் கட்டுப்பட்டால் எனக்கு என்ன குறைந்துவிடும்.

நாற்றுப் பண்ணை

டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு குமரேசன் ஆலை மேலாளரிடம் தானே போனான். கண்ணாடியைப் பார்த்து அமுக்கியதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். நானும் துர்காவும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மைமூன் காலையிலேயே அவளுடைய துவாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

திரும்பி வந்தவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்துதான் சொன்னான். வேலை போகவில்லை. தோட்டத்துச் செம்பனை நாற்றுப் பண்ணைக்கு மாற்றுகிறார்கள். பைகளில் வளரும் கன்றுகள், தண்ணீர்க் குழாய்கள், காற்று. சம்பளம் குறையாது. வேலையிடத்தில் போன காதுக்கு உண்டான மனுவும் அவர்களே எழுதித் தருவதாகச் சொன்னார்களாம். அந்த மேலாளருக்கு என் வயதில் ஒரு அம்மா இருக்கிறாராம். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

காதுக் கருவி ஹரிராயா பெருநாள் கழிந்து சில மாதத்தில் வந்தது. அதை மாட்டிய முதல்நாள் வீட்டுக்குள் வந்தவன் மேலே பார்த்து நின்றான். "இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?" என்றான். குழாயைத் திறந்து மூடினான். சோறு கொதிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டான். நான் ஏதோ கேட்டேன், சட்டென்று காதைப் பொத்திக்கொண்டான்.

"ஏம்மா இப்படிக் கத்துறீங்க?"

இத்தனை வருடம் அவனுக்காகக் கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேசவே மறந்துபோயிருந்தது. "மீட்டர் வச்சா பாட்டிக்குத்தான் மொதல் சம்மன்" என்றாள் துர்கா. இப்போது மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் அது லேசான வேலை இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. காது கேட்காத பிள்ளையை இத்தனை வருடம் திட்டினேன். பதில் சொல்லாதவன், மதிக்காதவன், கல் நெஞ்சுக்காரன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதில் பாதி அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்ட பாதி போதும். அது என் தப்பு என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டுப் பிள்ளைகளில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

குமரேசன் இப்போது அடுத்த அறையில் நாளைக்குப் போடச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். காதில் கருவி இருக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

துர்கா, எழுதினது போதும். முதலிலிருந்து வாசி. கத்த வேண்டாம், உன் சாதாரணக் குரலே போதும். அந்தக் கதவைச் சாத்தாதே.